மனநல நர்ஸ் பேராசிரியை ஆகலாம்!

படூரில் என் வைத்தியசாலைக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வந்த ஒரு தகப்பனார், தைலத்தை வாங்கிய பிறகும் எழுந்து போகவில்லை.

"டாக்டர் சார், பொண்ணு பி.எஸ்ஸி. நர்சிங் முடிச்சு ஒரு வருஷமா வேலை பார்க்கிறா. இப்ப எம்.எஸ்ஸி. படிக்கணுமாம். அதுவும் மனநலப் பிரிவுல! பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற பொண்ணை யாரு சார் கட்டிப்பாங்க?" என்றார்.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. பி.எஸ்ஸி. நர்சிங்கில் மனநலம் கட்டாயப் பாடம். ஆகவே, பக்கத்துக் கேளம்பாக்கத்தில் இருப்பது உட்பட எந்த நர்சிங் கல்லூரிக்கும் அதைக் கற்றுத்தர ஆசிரியர் தேவை. இரண்டு வருட எம்.எஸ்ஸி. முடித்தால் ஆசிரியப் பணிக்கு வரலாம். பிஎச்.டி.யும் அனுபவமும் சேர்ந்தால் பேராசிரியர் பதவி வரை உயரலாம். பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. அந்தக் காலத்திலேயே அங்கு நர்சுகளுக்குத் தனி மனநலப் படிப்பு வந்துவிட்டது. 1974-ல் அது நிம்ஹான்ஸ் ஆனது. இன்று அங்கே நர்சுகள் பிஎச்.டி.யும் செய்கிறார்கள்.

"நர்சுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சி?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். எங்கள் சித்த நூல்கள் மனநோயைக் 'கிரிகை' என்று சொல்லி, 18 வகையாகப் பிரிக்கின்றன. ஆனாலும் நான் ஒரு நோயாளியோடு இருப்பது பத்து நிமிஷம். வார்டு நர்சோ ராத்திரி முழுக்க இருக்கிறார். யார் தூங்கவில்லை, யார் மாத்திரையை நாக்கடியில் ஒளித்துப் பிறகு துப்புகிறார், யார் பேச ஆளில்லாமல் அழுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதை முறையாகக் கவனித்து, எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தால் அதுதான் ஆராய்ச்சி. நோயைப் பற்றி வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்தால் நோய் திரும்ப வருவது குறைகிறது என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெரிந்த உண்மை. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் 1957 முதலே குடும்பத்தார் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறுகிறார்கள்.

அமெரிக்காவில் ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற மனநல நர்ஸ், நோயாளிக்கும் நர்சுக்கும் உள்ள உறவே ஒரு மருந்து என்று புத்தகம் எழுதினார். 1948-லேயே எழுதி முடித்தும், டாக்டர் யாரும் கூட எழுதாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தால் 1952-ல்தான் வெளிவந்தது! பிறகு அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகி, மனநல நர்சுகளுக்கென்றே மேல்படிப்பை நடத்தினார்.

கடைசியாக, கல்யாணப் பேச்சு. ஏங்க, பெண் மனநலம் படிப்பதையே மறைக்க நினைக்கும் வீட்டில், நாளைக்கு ஒருவருக்கு மனநோய் வந்தால் என்ன செய்வார்கள்? அதையும் மறைப்பார்கள். மாதக்கணக்கில் வைத்தியம் தள்ளிப்போகும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித் தாமதமாக வந்தவர்கள்தான். கொடுத்துவரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அதை இன்னும் பொறுமையாக, வீடு வீடாகச் சொல்லக்கூடிய நர்சுகளை உருவாக்கத்தான் அந்தப் பெண் போக நினைக்கிறாள்.

தகப்பனார் உடனே சரி என்று சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய் அவகிட்ட உட்கார்ந்து பேசுறேன் சார்" என்றார்.

நீங்களும் பேசுங்கள்.