அச்சிடும் முன்பே தாளின் தரத்தை அறிய முடியுமா? ஆய்வகச் சோதனைகள் கூறுவது என்ன?

புதுதில்லி: தேர்வு நுழைவுச்சீட்டில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேனர் படிக்க மறுத்தால், கோளாறு அச்சுப்பொறியில்தான் என்றே பெரும்பாலானோர் கருதுகின்றனர். ஆனால், பல நேரங்களில் குறை தாளில் இருக்கக்கூடும். ஒரே இங்க்ஜெட் அச்சுப்பொறியில், ஒரே மையைக் கொண்டு அச்சிட்டாலும் ஒரு தாளில் எழுத்துகள் கூர்மையாக விழுகின்றன. மற்றொன்றில் ஓரங்கள் கசிந்து மங்குகின்றன.

இக்குறை டன் கணக்கில் தாள் விற்பனையான பிறகு தெரியவந்தால், ஆலைக்கும் வாடிக்கையாளருக்கும் இழப்பு ஏற்படும். எனவே, அச்சுத் தரத்தை ஆய்வகத்திலேயே முன்கூட்டிக் கணிப்பது காகிதத் துறையின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக உள்ளது.

மைத்துளி விழும்போது நடப்பது என்ன?

இங்க்ஜெட் மையின் பெரும்பகுதி நீர். அச்சுப்பொறி பீச்சும் ஒரு துளியின் அளவு சில பிகோலிட்டர் மட்டுமே. ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தாளைத் தொட்டதும் நீர் விரைவாக உள்ளிறங்க வேண்டும். நிறமியோ மேற்பரப்பிலேயே தங்க வேண்டும்.

தாள் அளவுக்கு அதிகமாக உறிஞ்சினால் நிறமும் நீருடன் உள்ளே சென்றுவிடும். எழுத்து வெளிறும், மை பின்பக்கம் தெரியும். மிகக் குறைவாக உறிஞ்சினால் ஈரம் காயாமல், அடுத்தடுத்த வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இழைகளின் வழியே மை பக்கவாட்டில் பரவினால், க்யூஆர் குறியீட்டின் வெள்ளை இடைவெளிகள் சுருங்கி, ஸ்கேனர் தடுமாறும்.

முக்கியச் சோதனைகள்

பரவலாகச் செய்யப்படுவது 'காப்' சோதனை. 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 மில்லி லிட்டர் நீரை ஊற்றி, பொதுவாக 60 விநாடிகளில் தாள் எவ்வளவு நீரை உறிஞ்சியது என எடை போட்டு அறிவர். மேற்பரப்பின் சொரசொரப்பை 'பெண்ட்சன்' கருவியும், தாளின் ஊடே காற்று செல்லும் வேகத்தை 'கர்லி' கருவியும் அளவிடுகின்றன.

ஆனால், இங்குதான் சிக்கல் எழுகிறது. காப் சோதனை ஒரு நிமிடக் கணக்கைக் கூறுகிறது. மைத்துளியின் தலைவிதியோ பெரும்பாலும் ஒரு விநாடிக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. எனவே, ஒரே காப் மதிப்பு கொண்ட இரு தாள்கள் அச்சில் வெவ்வேறாக நடந்துகொள்ளலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப, சுழலும் சக்கரத்தில் பொருத்திய தாளில் மிகக் குறுகிய நேர உறிஞ்சலை அளக்கும் 'பிரிஸ்டோ' முறையும், துளி தாளில் படியும் கோணத்தை அதிவேகக் கேமராவால் பதிவு செய்யும் முறையும் பயன்படுகின்றன. பின்னர் மாதிரிகள் அச்சிடப்பட்டு, கருமையின் அடர்த்தி, கோட்டின் அகலம், ஓரத்தின் கூர்மை, வண்ணக் கசிவு ஆகியவை அளவிடப்படுகின்றன. இரு தொகுப்பு எண்களையும் ஒப்பிட்டே கணிப்பு உருவாக்கப்படுகிறது.

வேதியியலும் ஒரு காரணி. தாளின் மேற்பரப்பில் கால்சியம் குளோரைடு போன்ற உப்பு சேர்க்கப்பட்டிருந்தால், நிறமித் துகள்கள் உடனே திரண்டு மேலேயே நின்றுவிடும். நீரை மட்டும் கொண்டு செய்யும் சோதனையில் இது வெளிப்படாது.

இந்தியச் சூழல்

இந்திய ஆலைகள் மரக்கூழுடன் கரும்புச் சக்கை, கோதுமை வைக்கோல், பழைய காகிதம் ஆகியவற்றையும் பயன்படுத்துகின்றன. கரூர் மாவட்டத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கைப் பயன்பாட்டுக்குப் பெயர் பெற்றது. கூழின் கலவை மாறினால் உறிஞ்சும் தன்மையும் மாறக்கூடும் என்பதால், தொடர் சோதனை இன்றியமையாததாகிறது. இத்துறை ஆய்வுகளுக்கென உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் மத்திய கூழ் மற்றும் காகித ஆராய்ச்சி நிறுவனமும், ரூர்க்கி ஐஐடியின் காகிதத் தொழில்நுட்பத் துறையும் இயங்குகின்றன.

ஈரப்பதம் முடிவுகளை மாற்றும் என்பதால், 23 டிகிரி செல்சியஸ் வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் கொண்ட அறையில் சோதனை செய்வது சர்வதேச நடைமுறை. வெப்பமண்டல நாடுகள் 27 டிகிரி, 65 சதவீதம் என்ற அளவைப் பின்பற்றலாம்.

பயனர்கள் கவனிக்க வேண்டியது

மொத்தமாகத் தாள் வாங்கும் முன், மஞ்சள் பின்னணியில் சிறிய கருப்பு எழுத்துகளையும் ஒரு க்யூஆர் குறியீட்டையும் அச்சிட்டுப் பார்க்கலாம். ஓரம் கசிகிறதா, பின்பக்கம் மை தெரிகிறதா, கைப்பேசி குறியீட்டைப் படிக்கிறதா என்ற மூன்றையும் கவனித்தாலே தாளின் தன்மை ஓரளவு புலப்படும். பிரித்த கட்டினை ஈரம் படாமல் மூடி வைப்பதும் அவசியம்.