நடந்துபோக ஒரு வழி

சலரோகம், பிரஷர், மூட்டுவலி. நலன்புரி நிலையங்களில் மருத்துவ முகாம் நடந்த நாட்களில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால் இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்வார்கள். "தோட்டம் செய்த காலத்தில் ஒரு வருத்தமும் இல்லை சுவாமி. இங்கே வந்து குந்தியிருக்கத் தொடங்கின பிறகுதான் எல்லாம்" என்று ஒரு முதியவர் எம்மிடம் சொன்னார். கவலைக்கும் நிவாரண மாவுக்கும் இதில் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. விடியற்புறம் எழுந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறி, மண்வெட்டி பிடித்து, சந்தைக்குச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போன உடம்பு அது. அதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைத்ததில்லை.

1953 இல் லண்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜெரி மொறிஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் போக்குவரத்துச் சேவையில் இருந்த சுமார் 31,000 ஆண்களின் விபரங்களை எடுத்துப் பார்த்தார்கள். இரட்டைத்தட்டு பஸ்ஸில் சாரதி நாள் முழுவதும் இருக்கையில் இருப்பார். கொண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளில் 500 படிகளுக்கு மேல். ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் இருதய நோய் சாரதிகளுக்கே அதிகம். சாரதிகளின் சீருடை இடுப்பளவு முதலிலிருந்தே பெரிதாக இருந்ததென்று மொறிஸே பின்னர் கண்டுபிடித்தார். அதனால் சில கேள்விகளும் எழுந்தன. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் அசையும் உடம்புக்கு இருதய நோய் குறைவு என்பதையே உறுதிசெய்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொண்டக்டர் உடம்புக்காகப் படி ஏறவில்லை. பஸ்ஸின் அமைப்பு அவரை ஏறவைத்தது. ஊரின் அமைப்பும் அப்படித்தான். வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான அசைவில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 22 நிமிடம் வரை வரும். பாடசாலையும் சங்கக்கடையும் கோயிலும் நடைதூரத்தில் இருந்து, போகிற வழியில் நிழலும் இருந்தால் அது தன்பாட்டில் நடந்துவிடும். "நடவுங்கோ அம்மா" என்று டொக்டர் எழுதிக் கொடுக்கிறார். லொறி ஓடும் பிரதான வீதியில் எங்கே நடப்பது?

இந்தக் கேள்வியை ஒல்லாந்து மக்கள் கேட்டார்கள். இன்று அந்த நாட்டில் மக்களின் பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது. அது அவர்களுடைய பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. 1960களில் அங்கேயும் கார்கள் பெருகி, வீதிகள் அகலமாகி, சைக்கிள்கள் குறைந்துகொண்டே வந்தன. 1971 இல் மட்டும் வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள்; அவர்களில் 400 பேருக்கு மேல் சிறுவர்கள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதத் தொடங்கினார். பெற்றோர் "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் ஒரு சங்கமாகி வீதியில் இறங்கினார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரசாங்கம் ஞாயிறுகளில் கார் ஓட்டத்தை நிறுத்தியபோது, வெறும் வீதியில் பிள்ளைகள் விளையாடினார்கள்.

டெல்ப்ட் நகரத்தில் (எங்கள் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் இந்த ஊருடையதுதான்) குடியிருப்பு வீதிகளை வீட்டு முற்றம்போல மாற்றினார்கள். கார் அங்கே நடைவேகத்தில்தான் போகலாம். 1976 இல் இது சட்டமானது. ஹவுட்டன் என்ற சிற்றூரைப் பெருப்பித்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சைக்கிளும் கால்நடையும் ஊரின் நடுவால் நேரே போகும். கார் வெளிவட்ட வீதிக்குப் போய்ச் சுற்றித்தான் அடுத்த பகுதிக்கு வரலாம். கிட்டிய வழி எதுவோ அதைத்தானே மனிதன் எடுப்பான்!

சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத வருடங்களில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில் ஓடியது. நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில். 2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது நாடு முழுவதும் பழைய சைக்கிள்களைத் தட்டியெடுத்தது. இரண்டு முறையும் பெற்றோல் திரும்பி வர, சைக்கிள் சுவரோடு சாய்ந்துவிட்டது. ஒல்லாந்திலும் பெற்றோல் திரும்பி வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் அவர்கள் சைக்கிளுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2009க்குப் பின் எமது பகுதிகளில் காப்பெற் வீதிகள் வந்தன. வேண்டாமென்று யார் சொல்வார்? அம்புலன்ஸ் வருகிறது, மரக்கறி லொறி வருகிறது. ஆனால் வீதி அகலும்போது ஓரத்து மரங்கள் போயின. பல இடங்களில் சைக்கிளுக்கென்று ஒரு முழ இடமும் விடப்படவில்லை.

மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம். காணிகளை நேர்கோட்டில் வெட்டிப் பகிர்ந்திருந்தார்கள். பழைய ஒழுங்கைகள் படத்தில் இல்லை. பாடசாலை பின்வேலிக்கு அப்பால்தான். மணி அடித்தால் வீட்டுக்குக் கேட்கும். ஆனால் பிள்ளைகள் பிரதான வீதியால் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் போக வேண்டும். பயத்தில் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கினார்கள். வேலைக்குப் போகும் தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளை மழை நாட்களில் பாடசாலைக்குப் போகவில்லை. கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "எங்களுக்குக் காப்பெற் வேண்டாம். ஆறடி ஒழுங்கை ஒன்று தாங்கோ" என்றார். படம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

கடைசியில் அடுத்தடுத்த இரண்டு காணிக்காரர் ஆளுக்கு மூன்றடி விட்டுக் கொடுத்தார்கள். சிரமதானத்தில் வேலியைத் தள்ளி, தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு குழாய் மதகு வைத்து, இரு பக்கமும் வேம்பு நட்டோம். இப்போது பிள்ளைகள் நடந்து போகிறார்கள். பின்னேரத்தில் சலரோகக்காரரும் அதே ஒழுங்கையால் நடக்கிறார்கள். எமக்கு ஒரு பயம்தான். ஒழுங்கை வாய்ப்பேச்சில் இருக்கிறதே தவிர உறுதியில் இல்லை. நாளைக்கு ஒரு காணி கைமாறினால் வேலி திரும்ப வந்துவிடும். பழைய உறுதிகளில் "வழி வாய்க்கால் உரித்து" என்று எழுதிவைத்தார்கள் எங்கள் பாட்டன்மார். ஆகவே நில அளவையாளர் படத்தோடு உங்கள் ஊருக்கு வரும் நாளில், கையொப்பம் வைக்குமுன் பாடசாலைக்கும் கிணற்றுக்கும் சந்தைக்கும் நடந்துபோகும் வழி அதில் கீறப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே கீறச் சொல்லுங்கள். அந்த இரண்டு காணிக்காரரும் எழுத்தில் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அளவைக்கு நாள் கேட்டிருக்கிறோம்.