டாக்ஸி ஓட்டுநருக்கு விபத்து நஷ்ட ஈடு

பயணியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு நள்ளிரவில் திரும்பும் டாக்ஸி விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் உயிரிழக்கிறார் என்று கொள்வோம். அவருடைய குடும்பத்துக்கு நஷ்ட ஈடு அளிக்கும் பொறுப்பு யாருடையது? விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதைவிட, அவர் யாரிடம், எந்த ஏற்பாட்டின்கீழ் வேலை செய்தார் என்பதையே இதற்கான விடை பெரிதும் பொறுத்துள்ளது.

சம்பள ஓட்டுநர்

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வகுத்த கோட்பாடு. முதலாளி தவறு செய்தார் என நிரூபிக்க வேண்டுவதில்லை. இயந்திர விசையால் இயங்கும் வாகனத்தை ஓட்டும் பணியும் இச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றது. 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதன் இடத்தைப் பெற்றுள்ளது. எனினும் அடிப்படைக் கோட்பாடு மாறவில்லை.

மரணம் நேர்ந்தால் மாத ஊதியத்தில் 50 சதவிகிதத்தையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவிகிதத்தையும், வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கித் தொகை கணக்கிடப்படுகிறது. கணக்கீட்டுக்கான ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரியில் ரூ. 8,000இலிருந்து ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பின்படி, இறந்த ஓட்டுநரின் வயது 30 எனில், ரூ. 7,500ஐ 207.98ஆல் பெருக்கக் கிடைப்பது ரூ. 15,59,850. வயது 40 எனில், பெருக்கெண் 184.17, தொகை ரூ. 13,81,275.

ஒரே டாக்ஸி வைத்திருக்கும் உரிமையாளரால் இத்தொகையைத் திரட்டுவது அரிது. எனவே, சம்பள ஓட்டுநர் தொடர்பான சட்டப் பொறுப்பையும் வாகன இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது. அவ்வாறு சேர்த்திருந்தால், நஷ்ட ஈட்டையும் வட்டியையும் இன்சூரன்ஸ் நிறுவனமே அளிக்க வேண்டும் என்றும், தாமதத்துக்கான அபராதம் உரிமையாளரையே சாரும் என்றும் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது.

மற்றவர்கள்

சொந்த வாகனத்தை ஓட்டுபவருக்கு முதலாளி இல்லை. ஆகவே இச்சட்டம் அவருக்குப் பயன்படாது. அவருக்குரியது உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. அதன் அளவு 2018இல் ரூ. 15 லட்சமாக உயர்த்தப்பட்டது.

நாள் வாடகை செலுத்தி வேறொருவரின் டாக்ஸியை ஓட்டுபவரின் நிலை சிக்கலானது. அவர் தொழிலாளியா, வாகனத்தை வாடகைக்கு எடுத்தவரா என்ற வாதம் எழுகிறது.

கைபேசிச் செயலி வழியாகச் சவாரி பெறும் ஓட்டுநர்களைப் புதிய சட்டம் தனி வகையாக ஏற்றுக்கொண்டுள்ளது. அவர்களுக்கான நலத்திட்டங்களுக்கு நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம்வரை செலுத்த வேண்டும். ஓட்டுநர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவிகிதம் இதற்கு உச்சவரம்பு. ஆயினும், நலத்திட்ட உதவி வேறு, முதலாளியின் சட்டப் பொறுப்பு வேறு. முன்னது திட்டம் வகுக்கும் அளவையும் பதிவையும் பொறுத்தது. பின்னது விபத்து நேர்ந்த அன்றே தோன்றும் உரிமை.

கோரும் முறை

நஷ்ட ஈட்டுக் கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் அளிக்க வேண்டும். மரணம் நேர்ந்தால், முதலாளி தொகையை அந்த அதிகாரியிடமே செலுத்த வேண்டும். துயரத்திலுள்ள குடும்பத்தாரிடம் ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள இயலாது.

நடைமுறையில் பல குடும்பங்கள் தடுமாறுவது வேலை உறவை நிரூபிப்பதில்தான். நியமனக் கடிதமோ ஊதியச் சீட்டோ இல்லாத தொழில் இது. ஊதியம் வங்கி வழியாக வழங்கப்படுவதும், பணிப்பதிவேடு முறையாகப் பேணப்படுவதும் சட்டம் தரும் உரிமையைக் குடும்பத்தின் கைக்குக் கொண்டுசேர்க்கும் எளிய வழிகளாகும்.