துவக்கும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ்

காலபோகப் பயிர் கதிர் தள்ளும் காலத்தில் எமது விவசாயிக்கு நித்திரை இல்லை. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுப் பற்றை மண்டிய காணிகளில் பன்றிகள் குடியேறிவிட்டன. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களும், இன்னும் உறவினர் காணியிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருந்துகொண்டு குத்தகைக்கு வயல் செய்பவர்களும் இத்தொல்லையை நன்கறிவர். ஓர் இரவு பன்றிக் கூட்டம் உழக்கிவிட்டுப் போனால், கடன்பட்டு நட்ட கச்சானும் மரவள்ளியும் மண்ணோடு போய்விடும். எனவே ஒரு துவக்கு வேண்டும் என்று விவசாயி கேட்பதை நாம் குறைகூற முடியாது.

ஆனால், இரவில் பயிரைக் காக்கும் துவக்கு பகலில் எங்கே இருக்கிறது? அது யாருடைய கைக்கு எட்டும்? இக்கேள்விகளைத்தான் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறோம்.

எமது ஊர்த் துவக்குகள்

முதலாவது, அனுமதிப்பத்திரத்துடன் பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வேட்டைத் துவக்கு. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இதனைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது தகப்பனின் பெயரில் இருந்தால் தகப்பனுக்கே உரியது. "இன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நீ போய்க் காவல் இரு" என்று பதினைந்து வயது மகனிடம் துவக்கைக் கொடுத்தனுப்ப அது இடம் தராது.

இரண்டாவது, அனுமதியின்றிச் செய்யப்படும் இடியன் துவக்கு. வாய்ப்பக்கமாக மருந்தையும் இரும்புத் துண்டுகளையும் இடித்து இறுக்குவதால் இதனை இலகுவில் வெறுமையாக்க முடியாது. நேற்று இறுக்கியது இன்றும் உள்ளே கிடக்கும். கை தவறி விழுந்தாலும் வெடிக்கக்கூடும்.

மூன்றாவது, பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு. கம்பியில் தட்டுவது பன்றியின் காலா, விறகுக்குப் போன பிள்ளையின் காலா என்பது அதற்குத் தெரியாது. உணவுக்குள் மறைத்து வைக்கும் பன்றி வெடியும் இதே வகைதான். அதனைக் கடித்து வாய் சிதைந்து, பட்டினியால் இறக்கும் யானைகள் பல. சட்டத்துக்கு மாறான இப்பொருட்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை. இவற்றை விட்டுவிடுவதே வழி.

"தொடாதே" என்றால் போதுமா?

"எங்கட பிள்ளை சொல்வழி கேட்பான், தொடமாட்டான்" என்று பல பெற்றோர் நம்புகின்றனர். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 8 முதல் 12 வயது வரையான 64 ஆண் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டனர். குண்டு இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி ஒன்று அங்கே இலாச்சியில் இருந்தது. பெரும்பாலான குழுக்கள் அதனைக் கண்டெடுத்தன. அதைக் கையில் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் துவக்குப் பற்றிய பாதுகாப்பு அறிவுரையை ஏற்கனவே பெற்றவர்கள்! அறிவுரை நல்லதுதான். ஆனால் அது பூட்டின் வேலையைச் செய்யாது.

வளர்ந்த பிள்ளைகளின் விடயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இளவயதின் கோபமும் துக்கமும் புயல்போல் வந்து புயல்போல் போய்விடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. இதனை எமது நாடே கண்டிருக்கிறது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகக் கொடிய பூச்சி நாசினிகளுக்கு அவ்வாண்டிலும், எண்டோசல்பானுக்கு 1998இலும் தடை வந்தது. 2005இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 24 ஆகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சு அகன்றது.

பொறுப்பு யாருடையது?

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஒருவர் தவறி விழுந்தால் பழி வீட்டுக்காரனையே சேரும். விழுந்தவன் கவனமாக இருந்திருக்கலாமே என்று அச்சட்டம் கேட்கவில்லை.

இன்றைய நீதிமன்றங்களும் இப்பக்கம் திரும்புகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021இல் 15 வயது மாணவன் ஒருவன் தன் பாடசாலையில் நான்கு மாணவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை அவனுக்கு எட்டாமல் வைக்கத் தவறிய தாயும் தகப்பனும் 2024இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றனர்.

ஒற்றை அறைக் கொட்டிலில் என்ன செய்யலாம்?

இரும்பு அலுமாரி வாங்க எம்மில் பலருக்கு வசதியில்லை. தகரக் கொட்டிலில் தனி அறையும் இல்லை. ஆயினும் செய்யக்கூடியவை உண்டு.

1. வயலிலிருந்து திரும்பியதும், வாசற்படி ஏறுமுன், துவக்கை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். குழலினூடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

2. மடிக்கும் துவக்கின் குழலைக் கழற்றலாம். கழற்றினால் நீளம் குறையும். றங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டலாம். பெட்டி இல்லாவிடில் விசையைச் சுற்றியுள்ள வளையத்தினூடாகச் சங்கிலி போட்டு நடுமரத்தோடு பூட்டுங்கள். முகட்டு வளையில் செருகி வைப்பது ஒளிப்பே தவிரப் பாதுகாப்பு அல்ல.

3. தோட்டாக்களை வேறொரு பெட்டியில் வேறு பூட்டுப் போட்டு வையுங்கள். எத்தனை இருக்கின்றன என்று எண்ணி வையுங்கள்.

4. திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தலையணையின் கீழும் அரிசிப் பானையிலும் வைத்தால் பிள்ளைகள் முதலில் அங்கேதான் தேடுவார்கள்.

5. வீட்டில் குடி, சண்டை, அல்லது மனமுடைந்த பிள்ளை இருந்தால் துவக்கு அங்கே இருக்கக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கக் கேளுங்கள். எழுத்தில் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

6. காவலுக்குப் பொடியன்களைத் துவக்குடன் அனுப்பாதீர்கள். அயல் வயற்காரர் முறைவைத்துக் கூட்டுக் காவல் இருக்கலாம். தகரம் தட்டலும் தீப்பந்தமும் நாயும் துணைக்கு வரும்.

துவக்கை வெறுமையாக வைத்தல், பூட்டி வைத்தல், தோட்டாவை வேறாக வைத்தல், அதனையும் பூட்டுதல் ஆகிய நான்கில் ஒவ்வொன்றும் பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்துக் குறைவதோடு தொடர்புடையது என 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நான்கையும் செய்ய இயலாதவர் ஒன்றிலாவது இன்றிரவே தொடங்கலாம்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. துவக்கு ஆம்பிளைகளின் விடயம் என்று ஒதுங்காதீர்கள். "வெறுமையாக்கியாச்சா? பூட்டியாச்சா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிள்ளை விளையாடப் போகும் அயல்வீட்டிலும் கூச்சமின்றிக் கேளுங்கள்.

பன்றி அழித்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். பிள்ளைக்கு மறுபோகம் இல்லை.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

• எமது கிராமத்தில் துவக்குள்ள வீடுகளில் பூட்டு உண்டா? இல்லாத வீட்டுக்குச் சங்கம் எவ்வாறு உதவலாம்?

• கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் வைப்பதில்லை என்று ஊராக முடிவெடுக்க எம்மால் முடியுமா?

• இளைஞர்களைத் தனியே காவலுக்கு அனுப்பாதிருக்க, முறைக் காவலை எப்படி ஒழுங்கு செய்யலாம்?