மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு

கொரோனாவால் பள்ளிகள் மூடிய 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் அந்தப் பிள்ளை ஆல் பாஸ் ஆகி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம். எழுத்துக் கூட்டவே தடுமாற்றம். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது உண்மைதான். ஆனால் தப்பாகப் படித்தால் திருத்த, டிவிக்குள்ளிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே.

படிப்பில் எவ்வளவு போயிற்று என்பதற்கு நம்மிடம் நல்ல கணக்கு ஒன்று உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமெரோ என்ற மூன்று பொருளியலாளர்கள் 2019இலேயே தமிழகக் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்து வைத்திருந்தார்கள். அதே கிராமங்கள், அதே வயது என்று வைத்துக்கொண்டு 2021 டிசம்பரில் மறுபடி சோதித்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 19,000 பேர். கணக்கில் விழுந்த பள்ளம் தமிழில் விழுந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்குத் தோன்றும் காரணம் இது: தமிழ் எழுத்து பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் தினமும் கண்ணில் படும், கடன் வாங்கிக் கழிப்பதைத் தெருவில் யாரும் சொல்லித் தருவதில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இழந்தது மற்றவர்களைவிட அதிகம்.

இந்த இழப்பைச் சரிக்கட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். திண்ணை, கோயில் மண்டபம், அங்கன்வாடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் வகுப்பு நடந்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. செய்த வேலைக்கு அது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

பலன் இருந்ததா? பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விழுந்த பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது என்கிறது அதே ஆய்வு. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் மாலை வகுப்பின் பங்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம் அங்கே அதிகம் போனார்கள். அதனால் அவர்கள் மற்றவர்களைவிட வேகமாகவே எழுந்தார்கள். மிச்ச மீட்சியில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் வழக்கம்போல நடந்ததாலேயே வந்திருக்க வேண்டும். திட்டங்களின் பரபரப்பில் இதை யாரும் அதிகம் பேசவில்லை. ஆசிரியர் தினமும் வருவதே முதல் மருந்து.

இரண்டாவது, போர்ஷனை முடிக்கும் அவசரத்தை விடுவது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம்தான் எட்டுகிறது என்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த வழியில்தான் போகிறது: ஒரே வகுப்புப் பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவது. ஆனால் அது முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். நாம் பேசிய பிள்ளை அப்போது நான்காம் வகுப்பு! அடுத்த ஆண்டு திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை நீண்டபோதுதான் அதற்கு ஒரே ஓர் ஆண்டு கிடைத்தது. 2020இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு 'திறன்' என்ற திட்டம் 2025இல் வந்தபோது அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கே போய்விட்டிருந்தார்கள்.

'அசர்' என்ற கிராமப்புற வீட்டு ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்திய அளவில் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5; 2024இல் 27.1. மீண்டுவிட்டோம் என்று சொல்லலாம். மீண்டு வந்து நிற்கும் இடத்தில் நால்வரில் ஒருவர்தான் படிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழகத்தின் 2022 எண் இன்னும் மோசம்: 4.8 சதவீதம்.

வீட்டில் பிள்ளை இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு வகுப்பு குறைந்த தமிழ்ப் புத்தகத்தில், ஏற்கெனவே மனப்பாடமாகாத ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் ஆசிரியரிடம் அதைச் சொல்லுங்கள்.