கோட்டைக்குள் ஒரு கோட்டை: சென்னைத் தூய மரியாள் ஆலயத்தின் கட்டிட வரலாறு

பூவிருந்தவல்லியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் பழைய நெடுஞ்சாலை புனித ஜார்ஜ் கோட்டையை அணுகி முடிகிறது. அக்கோட்டையினுள் நிற்கும் தூய மரியாள் ஆலயம் இந்திய நாட்டிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயங்களில் மிகப் பழமையானது. ஆவடி, அம்பத்தூர் போன்ற ஊர்களில் ஆலயக் கட்டிடக் குழுக்களில் அமரும் ஆயர்கள் அதனை ஒருமுறையேனும் நிதானமாக நோக்குதல் நலம். காரணம் அதன் அழகன்று. அதன் சுவர்களின் கனம்.

ஆங்கிலேயர் இங்குக் குடியேறிய பின் நெடுங்காலம் தங்கள் ஆராதனையைக் கம்பெனி மாளிகையின் ஓர் அறையிலேயே நடத்தி வந்தனர். கோட்டைக்குள் கப்புச்சின் துறவியருக்கு ஆலயம் இருந்தது, ஆள்வோருக்கு இல்லை. இக்குறையை நீக்க முனைந்தவர் ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர். கம்பெனியின் கருவூலத்தை எதிர்பாராது, தாமே 100 வராகன் அளித்து நன்கொடைப் பட்டியலைத் தொடங்கினார். தேவதூதன் மரியாளுக்கு நற்செய்தி அறிவித்ததை நினைவுகூரும் 1678 மார்ச் 25-ஆம் நாளன்று பணி தொடங்கிற்று. ஆலயத்தின் பெயரும் அத்திருநாளை ஒட்டியே அமைந்தது என்பர். 1680 அக்டோபர் 28-இல் ரிச்சர்ட் போர்ட்மன் ஐயர் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். ஆராதனை முடிவில் காவற்படையினரின் துப்பாக்கிகளும், கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிகளும் முழங்கின. ஒரு தேவாலயத்தின் முதல் நாளுக்கு இது விந்தையான ஆசீர்வாதமே.

ஆயினும் கட்டிடத்திற்கு அது பொருத்தமானது. வெளிச்சுவர்களின் கனம் 4 அடி. நடுமண்டபமும் இருபுறச் சிறகுகளும் தனித்தனியே செங்கல், சுண்ணாம்பினாலான வளைவுக் கூரைகளைக் கொண்டவை. அக்கூரையின் கனம் 2 அடி. அந்நாளைய வழக்கப்படி மரஉத்திரங்களைப் பரப்பித் தட்டையான கூரை இட்டிருந்தால், ஒரு குண்டு விழுந்ததும் தீப்பற்றும். உத்திரம் முறிந்தால் கூரை முழுதும் உள்ளே சரியும். வளைவுக் கூரையோ தன் பாரத்தைச் சுவர்களுக்கு இறக்கி நிற்கிறது. அதனாலேயே அச்சுவர்கள் அத்துணைப் பருமன் பெற்றன. இது எந்த வழிபாட்டு ஒழுங்கிலிருந்தும் பிறந்த வடிவமன்று. பீரங்கிக்கு அஞ்சியோர் கண்ட வடிவம். கோபுரம் 1701-இலும் ஊசிமுனை 1710-இலும் சேர்ந்தன. இன்று நாம் காணும் ஊசிமுனை 1795-இல் எழுந்தது.

கட்டிடத்தைவிட அதைச் சுற்றிலும் பாவியிருக்கும் கல்லறைக் கற்களே அதிகம் பேசுகின்றன. இவை முதலில் இங்கு இருந்தவை அல்ல. பழைய கல்லறைத் தோட்டம், பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில், கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கினர். போர் ஓய்ந்தபின், மீண்டும் எவர்க்கும் அவை அரணாகாதிருக்கும்படி ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் ஆலய வளாகத்திற்குக் கொண்டுவந்து பாவினர். அத்துடனும் அவற்றிற்கு ஓய்வு கிட்டவில்லை. ஐதர் அலியுடன் நிகழ்ந்த போரின்போது, 1782-இல், அக்கற்கள் பெயர்க்கப்பட்டுக் கொத்தளங்களில் பீரங்கிகளைத் தாங்கும் மேடைகளாயின. பின்னர் மீண்டு வந்தபோது சில உடைந்திருந்தன. இறந்தோரின் நினைவையும் போர்க்கருவியாக்கிய செயல் இது. கட்டிடக்கலை பற்றி எழுதுவோர் வளைவுக் கூரையைப் புகழ்ந்துவிட்டு இதனை ஒரு வரியில் கடந்து செல்வது சரியன்று.

இக்காவற்படை ஆலயத்தில் தமிழ்த் திருச்சபையின் தடம் அறவே இல்லை என்பதற்கில்லை. 1753-இல் இராபர்ட் கிளைவின் திருமணத்தை இங்கு நடத்தியவர் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பால் நாம் அறிந்த பெப்ரீஷியஸ் ஐயரே. தஞ்சையில் 1798-இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயருக்குக் கம்பெனியார் எழுப்பிய பளிங்கு நினைவுச் சின்னமும் இங்கேயே உள்ளது. ஜான் பேக்கன் வடித்த அச்சிற்பத்தில், படைக்கலம் ஏந்தாத ஒரு மனிதர் மரணப்படுக்கையில் கிடக்கிறார்.

பழைய கல்லறைத் தோட்டத்தில் இடிபடாது தப்பியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று எலிகூ யேலின் இளம் மகன் டேவிட்டும், யேலின் நண்பர் ஜோசப் ஹின்மர்சும் அடங்கிய கல்லறை. யேல் மணந்தது அந்த ஹின்மர்சின் விதவையை. 1680 நவம்பரில் நடந்த அத்திருமணமே தூய மரியாள் ஆலயத்தின் முதல் திருமணம். அக்கல்லறை கோட்டைக்கு வெளியே, உயர்ந்த கூர்நுனிக் கோபுரமாக இன்றும் நிற்கிறது.