மகள் படித்தாள், நானும் படித்தேன்!

"நெட் வரலை!" என்று வீட்டில் யாராவது கத்தினால், ஒரு வருஷத்துக்கு முன்பு வரை எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ரூட்டர் பெட்டியின் தலையில் ஒரு தட்டு! பழைய ரேடியோவுக்குச் செய்த அதே வைத்தியம். இப்போது அப்படிச் செய்வதில்லை. என் பெரிய பெண் வேலை கற்றுக்கொண்டபோது, கூடவே நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சகோதரிகளுக்கும் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரியில். மகள் ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்புப் படித்தாள். முடித்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி டெக்னீஷியன் வேலை கிடைத்தது. புறநகர் ரயிலில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. தூரம் ஒன்றுமில்லை. ஆனாலும், "இரும்பும் புகையுமா இருக்கிற இடத்துல பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை?" என்று என் மாமியார் முணுமுணுத்தார்.

"இரும்பைத் தொடற வேலை இல்ல பாட்டி. அங்க இருக்கிற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசணும். பேச்சு நின்னா நான் போய்ப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்றாள் பேத்தி.

ராத்திரி சாப்பாடு ஆனதும் கூடத்தில் உட்கார்ந்து, கேபிள் துண்டுகளுக்கு முனை போட்டுப் பழகுவாள். உள்ளே எட்டுக் கம்பி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டதில் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஏண்டி, இதை ரெண்டு ரெண்டா முறுக்கி வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்துல மோட்டார் ஓடும், வெல்டிங் நடக்கும். அதோட மின் இரைச்சல் முறுக்கின ரெண்டு கம்பியிலயும் ஒரே அளவா ஏறும். மறுமுனையில ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கிறதால இரைச்சல் கழிஞ்சு போயிடும்மா."

டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1881லேயே இந்த முறுக்குக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்! இந்தக் கேபிளை ஒரே வீச்சில் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாதாம். அதற்கு மேல் தூரமானால் நடுவில் 'சுவிட்ச்' என்னும் பெட்டி வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழை போட வேண்டும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதைக் கொடுப்பது ரூட்டர். 169.254 என்று தொடங்கினால், 'கேட்டுப் பார்த்தேன், யாரும் கொடுக்கவில்லை. நானே ஒன்று வைத்துக்கொண்டேன்' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்று அர்த்தம். 'பிங்' என்று ஒரு கட்டளையும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவை "இருக்கீங்களா?" என்று கூப்பிடுகிற மாதிரி. பதில் வந்தால் அதுவரை வழி சரி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள், முகம் வீங்க அழுதுகொண்டு வந்தாள். "நான் இனிமே வேலைக்குப் போகலை!"

அலுவலகத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையை, 'கழன்றுவிட்டது போல' என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த துளையில் செருகியிருக்கிறாள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்திருக்கிறது! சில விநாடிகளில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஸ்தம்பித்துவிட்டன. இ-வே பில் போட முடியாமல் சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டிலேயே நின்றுவிட்டன. எல்லார் எதிரிலும், "உன்னை யார் இந்த வேலைக்கு எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார் மேலே இருப்பவர்.

"கஷ்டமா இருந்தா விட்டுடும்மா" என்றார் இவர். எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. ஆனால் ஒரு வாய் காபி கொடுத்துவிட்டு, "என்னதான் ஆச்சு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தாள். எல்லாருக்குமான ஒரு செய்தி அந்த வளையத்தில் சிக்கினால் நிற்காமல் சுற்றும், சுற்றும்போதே பெருகும். நம் தெருவில் ஒரு வம்பு கிளம்பி, நாலு வீடு சுற்றி நம்மிடமே புதுச் செய்தியாகத் திரும்பி வந்து, அதை நாமும் மறுபடி சொல்லி அனுப்பினால் எப்படியோ, அப்படி! உண்மையான வேலைக்கு வழியே இருக்காது.

சொல்லச் சொல்ல அவள் அழுகை நின்றது. புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினாள். இதே வளையச் சிக்கலுக்கு 1985இல் வழி கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, உபரி வழியை மூடிவிடும் முறை. அதை விளக்கி ஒரு பாட்டும் எழுதினாராம்! விலை குறைந்த சின்ன சுவிட்சுகளில் அந்த வசதி இருக்காது. மகள் தொட்டது அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

"பெரிய பெரிய இன்ஜினீயருங்களுக்கே வந்த சிக்கல்தானேடி? நீ செஞ்சது தப்புதான். ஆனா இனி ஜென்மத்துக்கும் செய்ய மாட்டே" என்றேன். மசாலா டப்பாக்களில் ஒட்ட வைத்திருந்த லேபிள் தாளை எடுத்துக் கொடுத்தேன். "டப்பாவிலயும் மூடியிலயும் பேர் எழுதுவேன் பாரு, அந்த மாதிரி ரெண்டு முனையிலயும் எழுதி ஒட்டிடு."

மறுநாள் போனாள். அனுமதி கேட்டு, ஒரு வாரத்தில் எல்லாக் கேபிள்களுக்கும் பெயர் ஒட்டினாள். திட்டியவர் பாராட்டவில்லை, ஆனால் அடுத்த கோளாறு வந்தபோது அவளைத்தான் கூப்பிட்டார்.

அவளிடம் நான் கற்ற பெரிய பாடம்: கோளாறைக் கிட்டத்திலிருந்து தூரத்துக்குத் தேட வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாய், தொட்டி, மோட்டார், பிறகுதானே தெரு? அதே மாதிரிதான் இதுவும்.

* ஒரு போனில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் முதலில் அந்தப் போனைப் பாருங்கள்.

* ரூட்டரின் பிளக்கும் கேபிளும் சரியாகச் செருகியிருக்கின்றனவா? அணைத்து, அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

* கண்ணாடி இழை இணைப்பில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

* அந்த இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கெடுதல் செய்யலாம். குழந்தைகளை விடவே கூடாது.

* ரூட்டரை இரும்பு பீரோவுக்குள்ளோ, மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்திலோ வைக்க வேண்டாம்.

மகள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாள். சம்பளமும் பெரிதாக இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எட்டு நிறங்களைச் சொல்லித் தருவது இப்போது அவள்தான். வீட்டிலோ, டி.வி.யில் படம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால் என் மாமியார் கூப்பிடுவது யாரைத் தெரியுமா? என்னைத்தான்!